படம் ஊமை, எழுத்தே பேசும்

உலகில் இன்று ஒரு முழக்கம் ஓங்கி ஒலிக்கின்றது. எழுத்தின் காலம் முடிந்தது, இனிப் படத்தின் காலமே என்பது அம்முழக்கம். வணிகர் கூட்டங்களிலும், விளம்பரத் தொழிலார் அரங்குகளிலும், ஆசிரியர்க்கு நடத்தப்பெறும் பயிற்சி வகுப்புகளிலும்கூட அது மறைமொழி போல் ஓதப்படுகின்றது. அதற்கு அறிவியல் சாயம் பூச ஓர் எண்ணையும் தேடிப் பிடித்துள்ளனர். மாந்த மூளை எழுத்தைக் காட்டிலும் படத்தை 60,000 மடங்கு விரைவாக உள்வாங்குகின்றதாம்! ஆகவே பாடநூலில் எழுத்தைக் குறைக்க வேண்டுமாம். செய்தித்தாளில் பத்திகளைச் சுருக்க வேண்டுமாம். இளைஞர் கையில் நூல் இருத்தல் பழமையாம். திறன்பேசித் திரையில் ஓடும் படமே புதுமையாம்.

எழுத்தைக் கண்ணென்று போற்றிய இனம் தமிழினம். அவ்வினத்தின் பிள்ளைகளுக்கு இம்முழக்கம் அறிவுரையாக ஊட்டப்படும்பொழுது, அது மெய்யா பொய்யா என்று உரசிப் பார்க்காமல் விடுவது அறிவுடைமை ஆகாது.

அறுபதினாயிரம் என்னும் பொய்

அமெரிக்காவின் 'த்ரீ எம்' நிறுவனத்தின் பெயரைச் சார்த்தி இவ்வெண் பல்லாண்டுகளாக நூலிலிருந்து நூலுக்கும் மேடையிலிருந்து மேடைக்கும் தாவி வருகின்றது. இதனை அளந்தவர் யார், எந்த ஆய்வுக்கூடத்தில் அளந்தார், எத்தனை பேரை வைத்து அளந்தார் என்று கேட்டவர்க்கு இன்றுவரை எவரும் ஓர் ஆய்வையும் எடுத்துக் காட்டியதில்லை. ஒருவர் சொன்னார் என்று மற்றொருவர் சொல்வதே இதற்குள்ள ஒரே சான்று. கேழ்வரகில் நெய் வடிகின்றது என்றால் கேட்பவர்க்கு மதி வேண்டாவா?

எளிய பெருக்கல் ஒன்றே இப்பொய்யைத் தோலுரிக்கப் போதும். பிரான்சு நாட்டுத் தூலூசு நகர ஆய்வாளர் சைமன் தார்ப்பும் அவர் குழுவினரும் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இயற்கைக் காட்சிப் படங்களை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே காட்டி, அவற்றில் விலங்கு உண்டா இல்லையா என்று கேட்டனர். மூளையின் மின்னலைகளை அளந்ததில், ஏறத்தாழ ஆயிரத்தில் 150 பங்கு நொடிக்குள் மூளை அவ்வேறுபாட்டை உணர்ந்துவிடுவது தெரிந்தது. இவ்வளவையே எடுத்துக்கொண்டு 60,000-ஆல் பெருக்கினால் 9,000 நொடி வரும். அஃதாவது இரண்டரை மணி நேரம். முழக்கம் மெய்யானால் எழுதிய ஒரு சொல்லைப் படித்தறிய ஒருவர்க்கு இரண்டரை மணி நேரம் ஆக வேண்டும்!

இன்னும் குறைந்த அளவும் உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் மேரி பாட்டரும் அவர் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்தில் 13 பங்கு நொடியே தோன்றி மறைந்த படங்களையும் மக்களால் ஓரளவு கண்டுகொள்ள இயன்றது. அதையே கணக்கில் கொண்டாலும் ஒரு சொல்லுக்கு 13 நிமையம் ஆக வேண்டும். நடைமுறை என்ன? மார்க்கு பிரைசுபார்ட்டு என்னும் பெல்சிய அறிஞர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் கணித்தபடி, ஆங்கிலத்தில் வாய்விடாது படிப்போர் நிமையத்துக்கு ஏறத்தாழ 238 சொற்களைப் படிக்கின்றனர். ஒரு சொல்லுக்குக் கால் நொடி! இரண்டரை மணி எங்கே, கால் நொடி எங்கே? இவ்வளவு பெரிய பொய்யை ஆசிரியர்க்கே பாடமாக நடத்துகின்றனர் என்றால், ஆசிரியர் குமுகாயத்தை அவர்கள் எவ்வளவு இழிவாக மதிக்கின்றனர் என்பதும் விளங்கும்.

படத்தின் ஆற்றல் எவ்வளவு?

படத்துக்கு ஆற்றலே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. உள்ளதை உள்ளவாறு ஒப்புவதே அறிவியல் நெறி. இலயனல் சுட்டாண்டிங்கு என்பார் கனடாவில் செய்து 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர்க்குப் பத்தாயிரம் படங்கள் வரை காட்டினார். பின்னர் அவற்றைப் புதுப் படங்களோடு இணைத்துக் காட்டி, முன்பு பார்த்தது எது என்று கேட்டார். அவர்கள் பெரும்பாலானவற்றைச் சரியாகவே காட்டினர். முன்பு கண்டதை அடையாளம் காண்பதில் படம் சொல்லை வெல்லும் என்பது பலரும் மீண்டும் மீண்டும் மெய்ப்பித்த உண்மை.

ஆனால் அடையாளம் காண்பது வேறு; அறிவது வேறு. பத்தாயிரம் முகங்களைச் சந்தையில் பார்த்தவன், பத்தாயிரம் பேரின் வரலாற்றை அறிந்தவனாகிவிடான்.

விரைவிலும் படமே எப்பொழுதும் முந்தும் என்பது பொய். செருமனியின் இலைப்சிக்கு நகரில் வில்கெல்ம் வூண்டின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற சேம்சு காட்டெல் என்னும் அமெரிக்கர், 1886-இலேயே இதனை அளந்தார். ஒரு பொருளின் படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்ல ஆகும் நேரத்தைவிட, அப்பெயரை எழுத்தில் பார்த்துச் சொல்ல ஆகும் நேரம் குறைவு என்று கண்டார். நிறத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதும் அவ்வாறே காலம் தாழ்ந்தது. காட்டிய பொருள் உண்பொருளா கருவியா என்று வகை பிரிப்பது போன்ற வேலையில் படம் சற்று முந்தும். அம்முந்துகையும் நொடியின் ஒரு சிறு பங்கே.

1935-இல் சான் இரிட்லி சுட்ரூப்பு என்னும் அமெரிக்க உளவியலார் வெளியிட்ட ஆய்வு இன்றும் உலகெங்கும் மாணவர்க்குச் செய்து காட்டப்படுகின்றது. சிவப்பு என்னும் சொல்லை நீல மையால் எழுதி, மையின் நிறம் என்ன என்று கேட்டால் படித்தவர் நா தடுமாறுகின்றது. கண்முன் நிற்பது நீலம். ஆயினும் எழுத்து முந்திக்கொண்டு சிவப்பு என்கின்றது. படிக்கத் தெரிந்த மூளையால் எழுத்தைப் படிக்காமல் இருக்கவே இயலாது. படத்தின் முன் எழுத்து மெலிந்தது என்போர் இச்சிற்றாய்வைத் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்து பார்க்கலாம்.

மூளையில் எழுத்துக்கு ஓர் இடம்

எழுத்தையும் படத்தையும் மூளை எவ்வாறு கையாள்கின்றது என்பதற்கு முதற்பெருஞ் சான்றைத் தந்தவர் பாரிசு நகர நரம்பியல் மருத்துவர் சூல் தெசரீன். 1892-இல் அவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அம்மாந்தர் நன்கு கற்றவர். ஒருநாள் திடுமென அவரால் படிக்க இயலவில்லை. கண் பார்வை போய்விடவில்லை, எதிரே உள்ள பொருள்களை அடையாளம் கண்டார், பேசினார், பிறர் பேச்சைப் புரிந்துகொண்டார். சொன்னதை எழுதவும் எழுதினார். ஆனால் தாமே எழுதியதைத் தாமே படிக்க இயலவில்லை! எழுத்தின் மீது விரலை ஓட்டித் தடவிப் பார்த்தே அஃது எந்த எழுத்து என்று உணர்ந்தார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபொழுது, இடப்பக்க மூளையின் பின்பகுதியில் கேடு நேர்ந்திருந்தது புலப்பட்டது.

இதன் பொருள் என்ன? உலகத்துப் பொருள்களைக் காணும் பார்வை எஞ்சியிருக்க, எழுத்தைக் காணும் பார்வை மட்டும் அழியக்கூடும். அஃதாவது எழுத்தைப் படித்தல் என்பது மூளையில் தனியாக உருவாக்கப்பெற்ற ஓர் ஆற்றல்.

நூறாண்டுக்குப் பின், உயிருள்ள மூளையின் இயக்கத்தைக் காந்தப் படப்பொறிகள் காட்டத் தொடங்கின. 2000-இல் பிரான்சு நாட்டறிஞர் இலாரன் கோகன், சுட்டானிசுலாசு தெகேன் முதலியோர், இடப்பக்க மூளையின் அடிப்புறத்தில் எழுதப்பெற்ற சொற்களுக்கென வினைப்படும் ஒரு சிறு பகுதியைச் சுட்டினர். ஆங்கிலம் படித்தாலும், அரபி படித்தாலும், சீனம் படித்தாலும் ஏறத்தாழ அதே இடமே வினைப்படுகின்றது. சீன எழுத்து படம் போன்றது, ஆகவே அதனைப் படமாகவே மூளை பார்க்கும் என்ற பழைய எண்ணமும் இதனால் தகர்ந்தது.

இப்பகுதி பிறவியிலேயே எழுத்துக்கென அமைந்ததா? இல்லை. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றே மேல். மாந்த மூளையை இயற்கை புதிதாகப் படைக்க அக்காலம் போதாது. முகங்களையும் பொருள்களையும் காண அமைந்திருந்த பகுதியில் ஒரு பங்கைத் திருத்திப் பண்படுத்தியே மாந்தன் எழுத்துக்கு இடம் செய்துகொள்கின்றான் என்று தெகேன் விளக்கினார். காட்டைத் திருத்திக் கழனி ஆக்குவது போன்றது அது. காடு தானே வளரும். கழனி உழுதால்தான் விளையும். படம் பார்க்கும் ஆற்றல் காடு. எழுத்தைப் படிக்கும் ஆற்றல் கழனி.

இவ்வுழவு எவ்வாறு நடக்கின்றது என்பதை 2010-இல் தெகேன் குழுவினர் வெளியிட்ட பேராய்வு காட்டியது. பிரேசிலையும் போர்த்துகலையும் சேர்ந்த 63 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். எழுத்தறியாதார் 10 பேர். வளர்ந்தபின் எழுத்துக் கற்றோர் 22 பேர். இளமையிலேயே பள்ளி சென்றோர் 31 பேர். எழுத்தறிந்தவர் மூளையில் எழுத்துக்குரிய பகுதி வலுவாக வினைப்பட்டது. அதனோடு நில்லாமல், எழுத்தைக் கண்டவுடனே பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதிகளும் விழித்துக்கொண்டன. வளர்ந்தபின் எழுத்துக் கற்றவர் மூளையிலும் இம்மாற்றம் காணப்பட்டது. 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பள்ளியில் சேர்ந்த பத்துக் குழந்தைகளை முதலாண்டு முழுவதும் தொடர்ந்து பார்த்தது. படிக்கத் தொடங்கிய சில திங்களிலேயே எழுத்துக்குரிய பகுதி அவர்கள் மூளையில் தோன்றியது.

இதில் தமிழர் ஊன்றி நோக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. எழுத்தைப் படித்தல் என்பது கண்ணையும் பேச்சையும் மூளைக்குள் இணைக்கும் பாலம். பாலத்தின் ஒரு கரை எழுத்து. மறுகரை குழந்தை முன்னமே பேசிப் பழகிய மொழி. மறுகரை இல்லாமல் பாலம் கட்ட எவராலும் இயலாது. தாயிடம் கேட்டறியாத மொழியின் எழுத்தை ஐந்து அகவைக் குழந்தையின் கையில் திணித்தால், குழந்தை எழுத்தை ஒலிக்கும்; பொருளை எட்டாது. பள்ளிக்குள் நுழையும் குழந்தைக்குத் தாய்மொழியே கற்பிக்கும் மொழியாதல் வேண்டும் என்று ஒன்றிய நாடுகளின் கல்வி அமைப்பான யுனெசுகோ 1953-இலேயே அறிவுறுத்தியது. அதனை இன்றைய மூளையியல் வலுப்படுத்துகின்றது. ஆங்கில வழிப் பள்ளியில் பொருள் புரியாமல் தவிக்கும் குழந்தைக்குப் படத்தைக் காட்டி ஈடு செய்துவிடலாம் என்போர், பாலத்தைக் கட்டாமல் ஆற்றின் ஓவியத்தை வரைந்து தருகின்றவர் ஆவர்.

படத்தால் சொல்ல இயலாதவை

ஒரு படம் ஆயிரம் சொல்லுக்கு ஈடு என்பர். ஓர் எழுத்துக்காவது அஃது ஈடாகுமா என்று பார்க்கலாம். 'கண்ணன் வந்தான்' என்பதற்கு ஒருவன் நடந்து வருவதை வரைந்துவிடலாம். 'கண்ணனும் வந்தான்' என்பதற்கு எதை வரைவது? 'கண்ணனே வந்தான்' என்பதற்கும், 'கண்ணனோ வந்தான்' என்பதற்கும் எதை வரைவது? முன்னே பிறரும் வந்தனர் என்பதை ஓர் உம்மை சொல்கின்றது. வேறெவரும் அல்லர், அவன்தான் என்று ஓர் ஏகாரம் அழுத்துகின்றது. ஓர் ஓகாரம் ஐயத்தையோ வியப்பையோ ஏற்றுகின்றது. நான்குக்கும் படம் ஒன்றே. நான்கின் பொருளும் நான்கு. தமிழின் ஓர் இடைச்சொல்லுக்கு முன் ஓவியனின் தூரிகை தோற்று நிற்கின்றது.

'கண்ணன் வரவில்லை' என்பதை எவ்வாறு வரைவது? வெற்றுத் தெருவை வரைந்தால் அது வெற்றுத் தெருவே அன்றி, வராத கண்ணன் ஆகாது. இன்மையைப் படம் காட்டாது. நாளையைக் காட்டாது. 'ஆனால்' என்பதையும், 'ஆகவே' என்பதையும், 'இருந்தாலன்றி' என்பதையும் காட்டாது. ஆனால் அறமும் வழக்காடலும் உரிமைப் போரும் இச்சொற்களின் மேலன்றோ நிற்கின்றன? 'நிலம் உழவனுக்கு உரியது. ஆகவே அதனைப் பறித்தல் முறையன்று' என்னும் ஒரு சொற்றொடரில் உரிமையும் உண்டு, கரணியமும் உண்டு, மறுப்பும் உண்டு. இம்மூன்றில் ஒன்றையேனும் படம் தானாகச் சொல்லாது. எழுத்தை இழந்த மக்கள் அழவும் சிரிக்கவும் வல்லவராய் இருப்பர். மறுத்துக் கேட்க வல்லவராய் இரார். ஆள்வோர்க்கும் விற்போர்க்கும் அத்தகையவரே வேண்டும்.

இதற்கு வரலாறு தந்த பெருஞ்சான்று சிந்துவெளி. அந்நாகரிகம் பற்றிய அறிவிப்பு 1924-இல் வெளிவந்தது. முத்திரைகளில் மீன் போன்ற வடிவம் மீண்டும் மீண்டும் வருகின்றது. அதனைப் பார்க்கும் எவர் மூளையும், தார்ப்பு அளந்த விரைவில், நொடியின் ஏழில் ஒரு பங்கு நேரத்திலேயே மீன் என்று கண்டுகொள்ளும். ஆனால் அது சொல்வது என்ன என்று அனைவரும் ஒப்ப அறிய நூறாண்டு போதவில்லை. அக்குறிகளைப் படித்துக் காட்டுவார்க்குப் பத்து இலக்கம் தாலர் பரிசு என்று 2025 சனவரியில் தமிழக அரசு அறிவித்தது. வடிவம் கண்முன் நிற்கின்றது, மொழியோடு அதனை இணைத்த பாலம் அறுந்துவிட்டது, ஆகவே ஊமையாகிவிட்டது.

கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளும் இதையே சொல்கின்றன. அவற்றில் சிலவற்றில் கீறல் குறிகள் உண்டு. சிலவற்றில் தமிழ் எழுத்து உண்டு. கீறல் குறியின் பொருளை ஆய்வாளர் இன்னும் தேடுகின்றனர். ஆதன் என்று எழுதிய ஓடோ, இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் ஆதன் என்றே அழைக்கின்றது. அந்த ஆதன் எவ்வாறிருந்தான் என்று காட்ட ஒரு படமும் இல்லை. ஆயினும் அவன் பெயர் சாகவில்லை.

ஈராக்கில் நடந்தது

படத்தையும் அயல்மொழியையும் நம்பினால் என்ன நேரும் என்பதை 1971-இன் இறுதியில் ஈராக்கு நாட்டு உழவர் தம் உயிரால் அறிந்தனர். வறட்சியால் விளைச்சல் குன்றியிருந்த அந்நாட்டுக்கு விதைக்கென்று கோதுமையும் வாற்கோதுமையும் கப்பலில் வந்து இறங்கின. பூஞ்சை பிடியாமலிருக்க அவற்றில் இதள் என்னும் பாதரசம் கலந்த கடு நஞ்சு தடவப்பட்டிருந்தது. உண்ணத் தகாதது என்று காட்டச் செந்நிறச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. மூட்டைகளின் மேல் எச்சரிக்கை இருந்தது. அஃது இசுபானியத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மண்டையோட்டுப் படமும் இருந்தது.

இசுபானியமும் ஆங்கிலமும் அச்சிற்றூர்களில் எவர்க்குத் தெரியும்? மண்டையோடும் குறுக்கெலும்புகளும் நஞ்சைக் குறிக்கும் என்பது மேலைநாட்டார் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. அவ்வுடன்பாட்டில் ஈராக்கு உழவன் பங்கு கொள்ளவில்லை. விதைகளுட் பெரும்பகுதி விதைப்புக் காலம் கடந்தபின் வந்து சேர்ந்தது. வீட்டிலோ பசி. தானியத்தைக் கழுவினர், சாயம் போயிற்று, நஞ்சும் போயிற்று என்று நம்பினர். மாவாக்கி அடை சுட்டு உண்டனர். நஞ்சு உடனே கொல்லவில்லை. சில கிழமைகள் சென்றபின் கை கால் மரத்தது, நடை தடுமாறியது, பார்வை மங்கியது. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். இறந்தோர் 459 பேர் என்பது அரசு தந்த கணக்கு.

அம்மூட்டைகளின் மேல், 'இது நஞ்சு; விதைக்க மட்டுமே; கழுவினாலும் உண்ணாதீர்' என்று அரபியிலும் குர்தியிலும் எழுதியிருந்தால், ஊருக்கு ஒருவரேனும் படித்திருப்பார்; படித்தவர் படியாதார்க்குச் சொல்லியிருப்பார். 'கழுவினாலும்' என்னும் அவ்வொரு சொல்லைச் சொல்ல உலகில் எந்தப் படத்துக்கு வாயுண்டு? மண்டையோட்டுப் படத்தை அவ்வுழவர் கண்டனர். அவர்கள் மூளையும் மற்றவர் மூளையைப் போலவே நொடிக்குள் அதனை உணர்ந்தது. உணர்ந்தும் மாண்டனர். படத்தின் விரைவு அவர்களைக் காக்கவில்லை. தாய்மொழி எழுத்து இல்லாமை அவர்களைக் கொன்றது.

தமிழகத்தில் நடப்பது

அது தொலைநாட்டுக் கதை என்று தமிழர் ஒதுக்கிவிட இயலாது. இந்தியாவில் பூச்சிக்கொல்லி மருந்துகளின் புட்டிகளில் நான்கு நிறக் கட்டங்கள் அச்சிடப்பெறுகின்றன. 1971-ஆம் ஆண்டின் நெறிமுறைகள்படி மிகக் கொடிய நஞ்சுக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், அடுத்ததற்கு நீலம், இறுதியாகப் பச்சை. பச்சை என்பது தீங்கில்லை என்பதற்கு அறிகுறி அன்று. மற்றவற்றை நோக்கக் கேடு குறைந்தது என்பதற்கே அறிகுறி. ஆனால் சாலையில் பச்சை விளக்கைக் கண்டு வண்டியைச் செலுத்துகின்ற உழவன், பச்சைக் கட்டத்தை எவ்வாறு புரிந்துகொள்வான்? வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்று அந்நெறிமுறைகளே சொல்கின்றன. உழவன் கண்ணுக்குத் தெரியும் அளவில் தமிழ் எத்தனை புட்டிகளில் இருக்கின்றது? பொடி எழுத்தில் அச்சிட்டு மடித்து வைத்த தாள், வயல் வரப்பில் எவர் கைக்கு எட்டும்?

மருந்துப் பட்டைகளின் நிலையும் இதுவே. மருத்துவர் எழுதித் தராமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாங்கி உண்ணக் கூடாது என்று உணர்த்த, பட்டையின் மேல் ஒரு சிவப்புக் கோடு இடப்பெறுகின்றது. அதனை விளக்க 2016-இல் இந்திய அரசு ஓர் இயக்கமே நடத்தியது. ஒரு கோட்டின் பொருளைச் சொல்ல ஓர் இயக்கம் வேண்டியிருந்தது என்பதே, கோடு தானாக எதையும் சொல்லாது என்பதற்குச் சான்று. பெயரும் அளவும் எச்சரிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்க, தமிழ்த்தாய் ஒருத்தி காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மாத்திரையின் நிறத்தைப் பார்த்துத் தருகின்றாள். இந்த இழிநிலைக்குத்தான் படக்காலம் என்று பெயர் சூட்டுகின்றனர்!

தேர்தலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரே. ஆகவே முதல் பொதுத்தேர்தலில் கட்சிகளுக்குப் படக்குறிகள் தரப்பெற்றன. அன்று அது தேவை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிந்தோர் 80 விழுக்காட்டினர். எழுத்து வளர்ந்தது, படக்குறியின் ஆட்சியோ தளரவில்லை. கட்சியின் கொள்கை அறிக்கையைப் படித்தவர் எத்தனை பேர், குறியை மட்டும் அறிந்தவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு தெருவிலும் கேட்டுப் பார்க்கலாம். படிக்கத் தெரிந்தும் படியாதவன், படிக்கத் தெரியாதவனைவிட எளிதில் ஏமாற்றப்படுவான். தனக்கு எல்லாம் தெரியும் என்று அவன் எண்ணிக்கொண்டிருப்பான் அன்றோ?

செய்ய வேண்டுவது

படத்தை வெறுத்தல் அறிவாகாது. உடற்கூற்றை விளக்க வரைபடம் வேண்டும். நிலத்தை விளக்க நிலப்படம் வேண்டும். குழந்தை நூலுக்கு ஓவியம் வேண்டும். ஆனால் படம் எழுத்துக்குத் துணையாக நிற்க வேண்டுமேயன்றி, எழுத்தைத் தள்ளிவிட்டு அதன் இருக்கையில் ஏறி அமரலாகாது. துணையாய் வந்தவன் வீட்டுக்கு உரியவனானால், வீட்டுக்கு உரியவன் தெருவில் நிற்பான்.

எட்டு அகவைக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்று தமிழக அரசு 2022-இல் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நோக்கம் நன்று. ஆனால் பள்ளியில் உழுத கழனி, வீட்டில் தரிசாய்க் கிடந்தால் விளைவது எங்ஙனம்? மாலைதோறும் திரையின் முன் அமர்த்தப்பெறும் குழந்தையின் மூளையில் காடு மண்டுமேயன்றிக் கதிர் விளையாது. நாள்தோறும் அரைமணி நேரமேனும் தமிழ் நூலைக் குழந்தை படிக்கப் பெற்றோர் கேட்டல் வேண்டும். பெற்றோர் படிக்கக் குழந்தையும் கேட்டல் வேண்டும். ஊர்தோறும் படிப்பகம் வேண்டும். படிப்பகத்தில் பூட்டுத் தொங்காதிருத்தல் வேண்டும். நஞ்சுப் புட்டியிலும் மருந்துப் பட்டையிலும் எச்சரிக்கை, கண்ணுக்குத் தெரியும் அளவில், தமிழில் இருந்தே ஆக வேண்டும் என்று மக்கள் வற்புறுத்தல் வேண்டும். இது மொழிப்பற்று மட்டும் அன்று, உயிர்ப்பற்று.

வளர்ந்தபின் எழுத்துக் கற்றவர் மூளையும் மாறியது என்று அறிவியல் மெய்ப்பித்துவிட்டது. ஆகவே காலம் கடந்தது என்று சொல்ல எந்தத் தமிழனுக்கும் வாயில்லை. பிரேசில் நாட்டு உழைப்பாளி கற்றுக்கொண்டதைத் தமிழ்நாட்டு உழைப்பாளியும் கற்றுக்கொள்ள இயலும். தன் பெயரைப் பானையில் எழுதிவைத்த ஆதன், அரசனும் அல்லன், புலவனும் அல்லன். மட்கலத்தைப் பயன்படுத்திய ஓர் எளிய மாந்தனாகவே இருந்திருப்பான். அவன் கை பிடித்த எழுத்தை, அவன் வழிவந்தோர் திரையின் ஒளியில் மயங்கி நழுவவிடுவரேல், இன்னும் இரண்டாயிரம் ஆண்டு சென்றபின் அகழ்ந்தெடுப்பார்க்குக் கிடைப்பவை பெயரற்ற படங்களாகவே இருக்கும். அவற்றைப் பார்ப்பவர் முகங்களைக் காண்பர். எவர் முகம் என்று சொல்ல ஒரு சொல்லும் இராது.